கேட்காமல் வெட்டிய மரம்

ஏவன்டேல் என்ற வெளிநாட்டுப் புறநகரில் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நெடிய மனிதர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் கொல்லைப்புற மரத்தை வெட்டிவிட்டார் என்று தெரிந்து கோபத்தோடு போனேன்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்கள் விடமாட்டியள். மகளின்ர அறையில வெயிலே இல்லை, ஒரே ஈரம். அவளுக்கு இழுப்பு, மூச்சு விடவே கஷ்டப்படுறாள். வெட்டினது பிழைதான். வீட்டை விடச் சொன்னா விடுறம்."

விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் மெல்லத் தேறினாள். அடுத்த வருடம் குளிர்காலம் முடிந்து அவர்கள் லின்ஃபீல்டுக்குக் குடிபோனபின் வீட்டைப் பார்க்கச் சென்றேன். மரம் முழுவதும் விறகாகப் பிளந்து, நனையாமல் கூரையடியில் அடுக்கியிருந்தது. குளிர்காய எரிக்கும் விறகடுப்பில் சாம்பலே இல்லை.

"எரிச்சிருக்கலாமே?" என்று போனில் கேட்டேன்.

"மரம் உங்கட எல்லோ. எங்களுக்கு வெயில்தானே வேணும்" என்றார்.

அவர்மேல் எனக்கிருந்தது கோபமா மரியாதையா என்று இன்றும் தெரியவில்லை.