அபிஷேகத் தேன்

என் சிறுநீரகங்களில் ஒன்று இப்போது என் கணவரின் வயிற்றில் இருக்கிறது. அவர் உடம்பு அதை வேற்றாள் என்று விரட்டிவிடாமல் இருக்க, தினமும் மாத்திரை போட்டு அவருடைய எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறோம். நாங்கள் குடியிருக்கும் ஹப்சிகுடா முழுக்க இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். யார் காதிலும் ஏறவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் “இம்யூனிட்டிக்கு நல்லது” என்று ஒரு தேன் பாட்டிலோடுதான் வருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைப்பேன். அவர்கள் லிஃப்டில் இறங்கியதும் பாட்டில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

கணவரின் அக்காவை மட்டும் நம்பினேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர் மதினி. நெல்லைத் தமிழும், ‘வேண்டாம்’ என்பதற்கு உள்ளூர் உருதுவின் ‘நக்கோ’வும் அவர் வாயில் சேர்ந்தே வரும். தம்பிக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வந்தவரும் அவர்தான். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர்கள் மறுத்துவிட்டார்கள். நான் ஆபீஸ் போகும்போது தம்பிக்குத் துணையாக வந்து இருப்பார்.

“வெளிச்சாப்பாடு மட்டும் கூடவே கூடாது மதினி” என்று சொல்லியிருந்தேன்.

“ஹவ், ஆமா, எனக்குத் தெரியாதாட்டி?” என்றார். சொன்னபடியே பக்கத்து வீட்டுப் பாயசத்தைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினார்.

ஒரு நாள் மாலை என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. மற்றவர்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் கஷாயம், எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி. மதினியையும் ஏற்றிக்கொண்டு பேகம்பேட்டுக்கு விரைந்தோம். கணவரின் உடம்பு என் சிறுநீரகத்தைக் கண்டுபிடித்துவிட்டதோ என்று வழியெல்லாம் நடுங்கினேன்.

ரத்தம் எடுத்தபிறகு, புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். மதினி தயங்கித் தயங்கித் தெலுங்கில் சொன்னார்: தினமும் காலையில் ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கிறாராம். முருகனுக்கு அபிஷேகம் செய்த தேன்.

டாக்டர் நகர்ந்ததும் வெடித்தேன். “வெளிச்சாப்பாடு வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

மதினி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். “பிரசாதம் எப்படிட்டி வெளிச்சாப்பாடு ஆவும்?”

தேனாவது சக்தியாவது என்று மனசுக்குள் ஊரையே கேலி செய்தவள், அந்த வராந்தாவில் தேனின் மகிமையை முழுசாக நம்பினேன். அது எதிர்ப்பு சக்தியை எழுப்பிவிட்டது, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “கிட்னிதான் குடுக்க முடியல. இதாவது என் கையால குடுப்போம்னு நெனச்சேன்.”

ரிசல்ட் வந்தது. சிறுநீரகம் போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, இது வெறும் ஜலதோஷக் காய்ச்சல் என்றார் டாக்டர். ஒரு ஸ்பூன் தேன் எதிர்ப்பு சக்தியைத் தூக்கி நிறுத்திச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாது என்றும் சொன்னார். ஆனால் பல கை பட்ட பச்சைத் தேனில் கிருமி இருக்கலாம், இவருக்கு அது ஆபத்து, இனி வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் போனார். போன உயிர் திரும்பியது.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அப்போ நான் குடுத்த தேனு அவனுக்கு ஒண்ணுமே செய்யலியா?”

“ஒண்ணுமே செய்யல மதினி” என்று அவரைக் கட்டிக்கொண்டேன். ஒரு மருந்து பலிக்கவில்லை என்பதை யாரும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.