துட்டிக்கு வாசிக்கும் நடனம்

ராஜபாளையத்தில் மழைக்காக ஒரு தேவாலயத்துக்குள் ஒதுங்குகிறேன். கீபோர்டில் ஓர் அம்மாள் வாசிப்பது எனக்குத் தெரிந்த மெட்டு. ஸ்பெயின் நாட்டுப் பியானோ கலைஞர் ஒருவர், தன் மகள் கல்யாணத்தில் எல்லோரும் ஆடுவதற்காக எழுதியது. இங்கே அது ஊர்ந்து போகிறது.

"இது துட்டி வீட்டுல, அடக்கத்துக்கு வாசிக்கது சார். அட்டைப் படத்துல இவரு கறுப்புக் கோட்டுப் போட்டு எம்புட்டுத் துக்கமா இருக்காரு பாருங்க," என்று இசை நோட்டைக் காட்டுகிறார்.

"எழுதினவரே அவர்தாம்மா. இது கல்யாண நடனம்." சொன்னதோடு நிற்காமல் வேகமாக வாசித்தும் காட்டுகிறேன்.

அம்மாள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக அடக்கத்துக்கும் இதத்தான் வாசிச்சேன். நாளைக்கும் ஒரு அடக்கம் இருக்கு. இனி எப்படி சார் இத வாசிக்க?"

மறுபடி மெதுவாகத் தொடங்குகிறார். இரண்டாவது வரியிலேயே அவர் விரல்கள் என் வேகத்துக்கு ஓடிவிடுகின்றன.