சிவப்புச் சிங்கம்

யுத்த காலம் அது; துணி கிடைக்காது. கீழப்பழுவூர்த் திருவிழா நாடகத்துக்குச் சணல் நாரைப் பஞ்சாகப் பிரித்து, மஞ்சள் சாயம் ஏற்றிச் சிங்கத்தோல் செய்ய ஒப்புக்கொண்டேன். அவசரத்தில் சுண்ணாம்புப் பானையைக் கழுவாமலே மஞ்சளைக் கரைத்துவிட்டேன். நார் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நாடக வாத்தியார் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"சிங்கம் சிவப்பாவா இருக்கும்? பொம்பளைகிட்ட வேலைய குடுத்தேன் பாரு!"

புளித்தண்ணீரில் அலசினால் மஞ்சள் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"நீங்க எந்தக் காட்டுல சிங்கத்தப் பாத்தீங்க, வாத்தியாரய்யா? அரக்கன் குடல உருவுற சிங்கம் இப்படித்தான் இருக்கும். இஷ்டமிருந்தா போடுங்க. இல்லன்னா தோலில்லாம ஆடுங்க!"

வேறு வழியில்லாமல் போட்டார்கள். சிங்கம் மேடையேறியதும் முன்வரிசை பயந்து எழுந்து ஓடியது.

பானையைக் கழுவாதது என் தப்புதான். நாரை அலசாமல் விட்டது தப்பே இல்லை.