சீமைக் குளிருக்குப் பழகியது

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. தென்காசியில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் கப்பலேறியதில்லை. அப்பாவுக்கு ஒரே கவலை, குளிர். "சீமைக் குளிரு எலும்பைத் துளைச்சிரும்லே. இப்பமே உடம்பைப் பழக்கு" என்றார்.

அந்த ஆடி முழுவதும் விடியுமுன் குற்றாலத்துக்கு அழைத்துப் போய் என்னைப் பேரருவியின் கீழ் நிறுத்தினார். தலை துவட்ட விடமாட்டார். ஈரத்துண்டோடு சாரலில் நடக்க வேண்டும். இருமல் வந்தபோது, உடம்பு பழகுகிறது என்றார். நானும் நம்பினேன். போக வேண்டும் என்ற வெறி அப்படி.

பயணத்துக்கு முன் சென்னையில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்தது. போகக்கூடாது என்றுவிட்டார்கள். நெஞ்சு குணமாவதற்குள் என் இடமும் போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார்: "குத்தாலச் சாரலையே தாங்காத உடம்பு. சீமைல போயி என்னத்தத் தாங்கும்?" அருவியில் நிறுத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என்னோடு படித்த ஒருவன் இங்கிலாந்து போய்ப் படித்துத் திரும்பினான். ஆடி மாதத்தில் கம்பளிக் கோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா குளிரைப் பற்றிக் கேட்டார்.

"வெளியதான் குளிரு மாமா. ரூமுக்குள்ள கணப்பு உண்டு. வெந்நீர்லதான் குளிப்போம், அதுவும் வாரத்துக்கு ஒருக்கா."

அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பாவம், குளிக்காமக் கெடந்திருக்கான். இவனை அருவிக்குக் கூட்டிட்டுப் போலே" என்றார் என்னிடம்.

கூட்டிப் போனேன். அவன் ஆசை தீரக் குளித்தான். அவனுடைய கோட்டு நனையாமல் பிடித்துக்கொண்டு நான் பாறையோரம் நின்றேன்.