நான் அனுப்பிய தார்ப்பாயும் நாலு ஏக்கர் உளுந்தும்

கடம்பூர்ப் பக்கம் நாலு ஏக்கர் உளுந்து களத்திலேயே முளைத்துப் போனது. முளைக்க வைத்தது நான்தான். 2008 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம் நடந்தது. களத்துக்கே போய் உளுந்து வாங்கலாம் என்று கிளம்புகிற சின்ன வியாபாரிகளுக்காக எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் காலை 7.20 பஸ். கடம்பூருக்கு எட்டு ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. அறுபது கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். கடைசி ஒரு கிலோமீட்டர் வண்டி போகாது. நனைந்த கரிசல் செருப்பைப் பிடித்தால் விடாது; கையில் எடுத்துக்கொண்டு நடங்கள்.

மாரியப்பன் ஆறு வருடமாக எனக்கு உளுந்து போடுகிறவர். அறுத்துக் குவித்த செடி மழையில் நனைந்துவிட்டது என்று போன் செய்தார். அன்றைக்கே தார்ப்பாய் வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டேன். "இன்னும் மழை வரும். நான் வாரவரைக்கும் இறுக்கி மூடி வைங்க, பிரிக்காதிய" என்றேன். போனது ஐந்தாம் நாள். நடுவில் மூன்று நாள் நல்ல வெயில்.

தார்ப்பாயைத் தூக்கியதும் ஆவி அடித்தது. உள்ளே கை வைத்தால் சுட்டது. காய்க்குள்ளேயே வெள்ளை முளை, அடியில் பூசணம்.

"வெயில் அடிச்சுதே, பிரிச்சுப் போட்டிருக்கலாமே?"

"நீங்கதான பிரிக்காதியன்னு சொன்னிய, அண்ணாச்சி."

அவர் மனைவி விடவில்லை. "நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன். ஏவாரி சொன்னா இவியளுக்கு சாமி சொன்ன மாரி. அடுத்த வருசத்து வெதையும் இதுக்குள்ளதான் கெடக்கு."

விதை நான் தருகிறேன் என்றேன்.

"அதையும் எப்ப வெதைக்கணும்னு போன்லயே சொல்லிருவியளோ?"

மாட்டுத்தீவனக்காரர்கள் இருவருக்குப் போன் போட்டேன். பூசணம் என்றதும் வேண்டாம் என்றார்கள். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்து எருவுக்குக் கிடை போட நிலம் தேடி வந்த ஆட்டுக்காரர் சுடலை ஒரு பிடி உருவி மோந்து பார்த்தார்.

"இந்தப் பொங்கலுக்கு என் ஆட்டுக்குத்தான் வடை போலுக்கு. அடியில கெடக்கத தின்னா கழிஞ்சே சாவும். மேலாக்க உள்ளத விடலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

இருபது வருட வியாபாரத்தில் நாங்கள் சேதம் என்று எழுதுவது கடைக்கு வந்தபின் கெட்டதைத்தான். களத்தில் கெட்டது யார் கண்ணிலும் படுவதில்லை. எத்தனை களமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. நீங்களாவது ஈரச் செடியை மூடச் சொல்லாதீர்கள். வெயில் கண்டதும் பரப்பச் சொல்லுங்கள். போனில் யோசனை சொல்லாமல் மறுநாளே பஸ் ஏறுங்கள்.

வழக்கமாகக் கிடை போட நிலத்துக்காரர்தான் காசு கொடுப்பார். அன்று பேசி முடித்தது இது: குவியலின் மேல்பாதி ஆட்டுக்கு, பதிலுக்கு மூன்று ராத்திரி கிடை, யாருக்கும் காசு கிடையாது.