'மெல்ல' என்று ஒரு முகவரிப் புத்தகம்

வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதி முடித்ததும் நாகாவோ-சான் அதை உடனே அனுப்பிவிடமாட்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, திரையைப் பார்த்து லேசாகத் தலை தாழ்த்துவார். பிறகுதான் பொத்தானை அழுத்துவார். நான் இந்தக் கையுறைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் சேர்ந்ததிலிருந்து ஆறேழு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி செய்து தருகிற கம்பெனிக்கு எழுதும்போது குனியமாட்டார். மின்சார அலுவலகத்துக்கும் கிடையாது. கையுறை வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"அவங்க வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு, கசாய்-சான். உள்ள போறதுக்கு முன்னாடி குனியாம எப்படி?" என்றார்.

நாகாவோ ஃபுசாயே எங்கள் ஊர்க்காரர்; பெயரோடு ஒட்டி வரும் 'சான்' எங்கள் ஊர் மரியாதை. கடலோரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கையுறை தைக்கிற சத்தம் கேட்கிற ஊர் இது. அவரும் தையல் இயந்திரத்தில்தான் தொடங்கினார். கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துத் தைக்கிற வேலை. பார்வை மங்கிய பிறகு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். இரண்டே விரலால் தட்டச்சு செய்வார், ஆனால் நான் பத்து விரலால் அடிப்பதைவிட ஒன்றும் மெதுவில்லை. மதியம் எல்லோரும் ஊதோன் நூடுல்ஸ் கடைக்குப் போவோம். அவர் மட்டும் சோற்று உருண்டையைப் பிரித்துவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். "நூடுல்ஸை உறிஞ்சிக்கிட்டே ஊர் வம்பு பேச எனக்கு வராது" என்பார். ஆனால் நாங்கள் திரும்பி வந்ததும் அந்த வம்பை முழுக்கக் கேட்டுக்கொள்வார்.

அவர் ஓய்வு பெறவேண்டிய மார்ச் மாதத்தில்தான் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. கணினிக் கடைக்காரர் வந்து பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை முதலாளி மிதானி ஒரு வேலை சொன்னார். தொழிற்சாலை துறைமுகச் சாலையில் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. முகவரி, தொலைபேசி எல்லாம் மாறுகிறது. குளிர்காலக் கையுறைக்கான ஆர்டரை மாதக் கடைசிக்குள் தரச்சொல்லியும் எழுதவேண்டும். எல்லா வாடிக்கையாளருக்கும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரவேண்டும்.

எல்லோருக்கும் அனுப்புமுன் ஒரு வாடிக்கையாளருக்குத் தனியாக எழுதவேண்டும் என்று, நாகாவோ-சான் பெறுநர் இடத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார். பழைய கணினியாக இருந்தால் முழு முகவரியும் கீழே வந்து நிற்கும். இப்போது ஒன்றும் வரவில்லை. முகவரிப் புத்தகத்தைத் திறந்து தேடினார். அந்தப் பெயர் அங்கேயும் இல்லை.

"ஹ்யோதோ-சானைக் காணோம்" என்றார். காணோம் என்று அவர் சொன்ன விதத்தில், ரயில் நிலையத்தில் கூட வந்தவரைத் தொலைத்துவிட்டவர் போலிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். "பல்கலைக்கழகம் போனவ இருக்கியே, பாரு."

நான் படித்தது இடைக்காலத்துக் கோயில் நிலங்களைப் பற்றி. அப்பா லாரி ஓட்டுகிறவர், அம்மா சத்திரத்தில் பாத்திரம் கழுவுகிறவர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டிலும் நினைக்கிறார்கள், இங்கேயும் நினைக்கிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை. உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில், எல்லாப் பெயர்களும் தெரியாதபடி ஏதாவது வடிகட்டி போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எங்கள் மொழியில் பெயரை எழுதுகிற சித்திர எழுத்து ஒன்று, அதை வாசிக்கிற ஒலி இன்னொன்று; இரண்டையும் தனித்தனியாகப் பதியவேண்டும். புத்தகம் வாசிப்பின்படி அடுக்கும். வாசிப்பு எழுதப்படாத பெயர்கள் கடைசியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். அங்கேயும் தேடினேன். இல்லை. மாற்றிய கோப்பை மறுபடி உள்ளே இழுத்தேன். இந்தத் தடவை எல்லாப் பெயர்களும் பேய் பிடித்த எழுத்துகளாக வந்தன. முதலாளியின் பெயரே ஒரு கேள்விக்குறியும் இரண்டு சதுரங்களுமாக இருந்தது.

"இதுவும் எனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் முதலாளி.

அழித்துவிட்டு, எழுத்து முறையை மாற்றி மறுபடி இழுத்தேன். பெயர்கள் சரியாக வந்தன. ஹ்யோதோ மட்டும் வரவில்லை. விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் இன்னும் சிலரைக் காணோம். கனாஸாவாவில் கடை வைத்திருக்கும் உசாமி. நாஹாவில் வெயிலுக்குப் போடுகிற கையுறை விற்கும் சினென். இவர்களுக்குள் ஒற்றுமை ஒன்றும் தெரியவில்லை. ஒரே எழுத்தில் தொடங்குகிறவர்கள் இல்லை, ஒரே ஊரும் இல்லை. பெரிய கடையும் இருந்தது, சின்னக் கடையும் இருந்தது.

பழைய கணினி கிடங்கில் போர்வை போர்த்திக் கிடந்தது. எடுத்து வந்து இயக்கினேன். அதன் முகவரிப் புத்தகத்திலும் அவர்கள் இல்லை. ஆனால் புது மின்னஞ்சல் திறந்து 'ஹ்யோ' என்று தட்டியதும் முழு முகவரியும் வந்து நின்றது. இருக்கிறார், ஆனால் இல்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஏதோ தப்பாகச் செய்கிறேனா, அல்லது இயந்திரம் பொய் சொல்கிறதா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நாம் ஒருவருக்கு எழுதினாலே போதும், இந்த மென்பொருள் அந்த முகவரியைத் தனியாக நினைவு வைத்துக்கொள்ளும். முகவரிப் புத்தகம் வேறு. புத்தகத்தில் இல்லாதவர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் 'அனைவருக்கும்' என்று அனுப்பியது எதுவும் அவர்களுக்குப் போயிருக்காது.

"அப்படின்னா விலைப்பட்டியல்?" என்றார் முதலாளி.

"போகலை."

"புது மாதிரிகள் காட்டினோமே, அந்த அழைப்பு?"

"அதுவும் போகலை."

"எத்தனை வருஷமா?"

எனக்குத் தெரியவில்லை. முதலாளி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "உசாமி ஆர்டரைக் குறைச்சுக்கிட்டே வந்தார். சீனச் சரக்குக்குப் போயிட்டார்னு நெனச்சேன். நாமதான் அவரை அழிச்சிருக்கோம்." நாம் என்றுதான் சொன்னார். ஆனால் அந்தப் புத்தகத்தைத் தொடுகிறவர் ஒருவர்தான் என்று அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

நாகாவோ-சான் தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் யாரையும் அழிக்கலை" என்றார். பிறகு, "அழிச்சிருப்பேனோ?" என்றார். அவருக்கே குழப்பமாகிவிட்டது. இரண்டு வாரத்தில் பூங்கொத்து வாங்கிக்கொண்டு போகவேண்டியவர். வாடிக்கையாளரைத் தொலைத்தவர் என்ற பெயரோடு போவாரா என்பதுதான் இப்போது கேள்வி. அதைத் தீர்க்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், எனக்கோ அடுத்து எதை அழுத்துவது என்று தெரியவில்லை.

முதலாளி பணிமனைக்குப் போனதும், வேறு வழி தெரியாமல், காணாமல் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். அவர்களோடு எப்போது கடைசியாகப் பேசினார் என்று நாகாவோ-சானுக்கு ஏதாவது ஞாபகம் வருமா என்பதற்காக.

"உசாமி."

"பாவம், அவங்க அம்மா. மழைக்காலத்துல."

"சினென்."

"அண்ணன். படகு."

"தொகோரோ."

"அவருக்கு மாமனார்." குரல் இன்னும் தணிந்துவிட்டது.

படிப்பதை நிறுத்தினேன். "நாகாவோ-சான், எல்லார் வீட்டுலயும் யாராவது தவறிப்போயிருக்காங்களா?"

"ஆமா" என்றார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல. "அதனாலதானே அவங்களை மெல்லவுல வெச்சிருக்கேன்."

"எதுல?"

அவர் சுட்டி அம்பை நகர்த்தி, பழைய கணினித் திரையின் இடது ஓரத்தில் நான் கவனிக்காமலே இருந்த ஒரு சின்ன முக்கோணத்தை அழுத்தினார். அடியில் மடிந்திருந்த இன்னொரு முகவரிப் புத்தகம் விரிந்தது. அதற்கு 'மெல்ல' என்று பெயர் வைத்திருந்தார். ஹ்யோதோ, உசாமி, சினென், தொகோரோ எல்லோரும் வரிசையாக அதில் இருந்தார்கள். கணினிக் கடைக்காரர் முதல் புத்தகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ காணாமப் போனவங்களைக் கேட்டே. புதுசுலதான் காணோம்னேன்; பழசுல இவங்க காணாமப் போகலையே. இவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்சிருக்கு."

வருஷக் கடைசியில், துக்கம் நடந்த வீட்டிலிருந்து சாம்பல் நிற விளிம்பு போட்ட அட்டை வரும். இந்த முறை எங்களுக்குப் புத்தாண்டு வாழ்த்து வேண்டாம், நாங்களும் அனுப்பமாட்டோம் என்று. முதலாளி வாழ்த்து அட்டைகளை நிறுத்தி மின்னஞ்சலுக்கு மாறிய பிறகு, ஒரே அழுத்தில் எல்லோருக்கும் வாழ்த்து போய்விடும். துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்க நாகாவோ-சான் கண்டுபிடித்த வழி இது. அட்டை வந்ததும் அந்தப் பெயரைப் பெரிய புத்தகத்திலிருந்து எடுத்து 'மெல்ல'வில் வைத்துவிடுவார்.

"சரி. ஒரு வருஷம்தானே? அப்புறம் திரும்பக் கொண்டு வந்திருக்கலாமே?"

"ஒரு வருஷம்னு கணக்கு இருக்கு" என்றார். "ஆனா துக்கம் ஆரம்பிச்சா அட்டை வருது. முடிஞ்சுதுன்னு யாரும் அட்டை போடறதில்லையே, கசாய்-சான். நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அது பெரிய முட்டாள்தனமாகவும் தோன்றியது, நான் இதுவரை யோசிக்காத ஒன்றாகவும் தோன்றியது. பல்கலைக்கழகத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். என்னால் அன்றைக்கு முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

முதலாளி திரும்பி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "செத்தவங்களுக்குச் சொர்க்கம் கெடைச்சுது. இருக்கறவங்களுக்கு விலைப்பட்டியல்கூடக் கெடைக்கலை" என்றார். நாகாவோ-சான் எழுந்து இடுப்பு வரை குனிந்தார். "போதும், போதும். அழிக்கலை இல்ல, அது போதும்" என்று முதலாளி கையை ஆட்டினார்.

'மெல்ல'வைப் புதுக் கணினிக்குக் கொண்டு வந்து, அதிலிருந்தவர்களைப் பெரிய புத்தகத்தில் சேர்த்தேன். ஒவ்வொரு பெயரையும் நான் நகர்த்தும்போது நாகாவோ-சான் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஹ்யோதோவின் பெயரைத் தொட்டதும் என் தோளைப் பிடித்தார்.

"அவர் மட்டும் இருக்கட்டும்."

மோரியோகாவில் ஹ்யோதோ தன் மனைவியோடு கடை நடத்திவந்தார். ஒரு நவம்பரில் மனைவி இறந்தார். சாம்பல் விளிம்பு அட்டை முறைப்படி வந்தது. நாகாவோ-சான் அதைப் படித்தார். ஆனால் அதுதான் முதன்முதலாக மின்னஞ்சலில் வாழ்த்து அனுப்பிய வருஷம். எங்கள் பன்னிரண்டு விலங்குக் கணக்கில் அது முயல் வருஷம். இரண்டு முயல்கள் துள்ளிக் குதித்து 'இனிய புத்தாண்டு' என்று சொல்கிற படத்தை, ஒரே அழுத்தில், அவருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டார். ஹ்யோதோ ஒன்றும் சொல்லவில்லை. ஆர்டரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் 'மெல்ல' பிறந்தது, அதில் முதல் பெயர் அவருடையது.

"அந்த முயலுக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேக்கலை. அதுக்கு முன்னாடி முகவரி மாறிடுச்சு, ஆர்டர் குடுங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எழுதுவேன்? நானே தனியா எழுதறேன். நீ மத்தவங்களுக்கு அனுப்பு."

சாயங்காலத்துக்குள் மற்ற எல்லோருக்கும் போய்விட்டது. உசாமியிடமிருந்து உடனே பதில் வந்தது. 'இத்தனை நாளாகப் பொது அறிவிப்பு எதுவும் வரவில்லை, எங்களை உங்களுக்கு வேண்டாமோ என்று நினைத்தேன்' என்று எழுதியிருந்தார். அதை நாகாவோ-சானுக்குக் காட்டினேன். படித்துவிட்டு, "அழிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. கை தவறுச்சுன்னு ஆகியிருக்கும்" என்றார். அவர் சமாதானமானாரா, இன்னும் வருத்தப்பட்டாரா என்று அந்த முகத்தில் எனக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் எல்லோரும் கை தட்ட, பூங்கொத்து வாங்கிக்கொண்டு போனார். தொலைத்தவர் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி தன் பேச்சில் கட்டைவிரல் தையலைப் பற்றி மட்டும் சொன்னார்.

இப்போது அந்த நாற்காலி என்னுடையது. புது முகவரியை ஹ்யோதோவுக்கு நான் சொல்லவேண்டியதாயிற்று. இரண்டே வரி, வியாபாரம் மட்டும். அவரும் இரண்டே வரியில் ஆர்டர் கொடுத்தார். வரைவுகளில் நாகாவோ-சானின் மின்னஞ்சல் ஒன்று கிடக்கிறது. 'ஹ்யோதோ அவர்களுக்கு' என்பதோடு நின்றுபோயிருக்கிறது. கோடையில் தொலைபேசியில் கேட்டேன். "எழுதறேன், எழுதறேன். வார்த்தைதான் வரமாட்டேங்குது" என்றார். அதை நான் எழுதிவிடலாமா என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் அந்த முயலை அனுப்பியது நான் இல்லையே. இந்த டிசம்பரில் வாழ்த்துப் பட்டியல் எடுக்கும்போதும் ஹ்யோதோ தனியாகத்தான் இருந்தார். அவருக்குச் சேரவேண்டிய மன்னிப்பு இன்னும் போகவில்லை.