மார்கழியில் காலி செய்த அறை

அண்ணனூர் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் செய்த முட்டாள்தனம் உறைத்தது. தோளில் துணிப்பை, கையில் ஸ்டவ். மோட்டார் போடும் விஷயத்தில் வீட்டுக்காரரோடு தகராறு. சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். மாதத்தைப் பார்க்கவில்லை. மார்கழி ஏழாம் நாள். இந்த மாதத்தில் யாரும் புதிதாகக் குடிவைக்க மாட்டார்கள்.

மானத்தை விட்டுத் திரும்பிப் போனேன். வீட்டுக்காரருக்குக் கோபம் ஆறியிருந்தது. ஆனாலும் சாவி வரவில்லை.

"குட்த்துட்டுப் பூட்ட இல்ல? இப்போ உள்ள வந்தா புதுசா குடி வர்ற மாரி. தை பொறக்கட்டும், நைனா."

நான் எட்டாவது வரைதான். ஆனாலும் பூகோளப் பாடத்தில் ஒன்று நினைவிருந்தது. டிசம்பர் இருபத்திரண்டில் சூரியன் வடக்கே திரும்பிவிடும், அன்றுதான் பகல் மிகச் சிறியது. அன்றைய தேதி இருபத்திரண்டு. சூரியனே திரும்பிவிட்டது, தைக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று வாதாடினேன்.

"அது உன் இஸ்கூல்ல. என் ஊட்ல தை ஒண்ணாந்தேதிதான் திரும்பும்" என்றார்.

ஆவடியில் மூன்று வீடு கேட்டேன். மூன்றிலும் தை. பஸ் பிடித்து, பூந்தமல்லியில் முன்பு என்னோடு வேலை பார்த்த பீகார்க்காரர்களிடம் போனேன். வடக்கே மார்கழி ஏது என்று ஒரு நம்பிக்கை. அவர்களுக்கும் அதே மாதம்தான், வேறு பெயர். பெரிய வீடு பேசி வைத்துவிட்டு, சங்கராந்திக்கு எள்ளுருண்டை தின்ற பிறகே போவது என்று எட்டுப் பேர் ஒரே அறையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ரொட்டி கொடுத்தார்கள். படுக்க இடமில்லை.

நடந்தேன். ஆறு மணிக்குள் இருட்டிவிட்டது. குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கு வாசலில் ஸ்டவ்வை இறக்கி வைத்து உட்கார்ந்தேன். நேபாளத்துக் காவல்காரர் விரட்ட வந்தார். கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"எங்க மலை ஆளுங்களுக்குத் தனியா, எட்டு நாள்ல புது வருசம், அண்ணா. பகல் வளருதுல்ல, அதான். ஊருக்குப் போகணும். என் எடத்துல நிக்க ஆள் கேட்டா, எல்லாரும் மார்கழி, மார்கழின்றான்."

கேட்டுக்குப் பின்னால் அவருடைய தகர அறையில் படுத்தேன். விடிந்ததும் சூப்பர்வைசரிடம் கூட்டிப்போய், ஆள் கிடைத்துவிட்டது என்றார். காவல்காரரின் சட்டை எனக்குக் கை பத்தவில்லை. தகர அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் ரயிலுக்குக் கிளம்பினார். ஒரே இடத்தில் நிற்பது எனக்கு வராது. லாரி வராத நேரமெல்லாம் மதிலோரம் போவதும் வருவதுமாக இருந்தேன்.